முதல் கடல்நீர் மீன் தொட்டி: தண்ணீரிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மீனிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், அடர்நீல டாங் மீன், நடுவே அசையும் பவளங்கள் என்று மனதில் படம் ஓடும். ஆனால் வேலையின் வரிசையில் மீன் கடைசியில் வருகிறது. அதற்கு முன் தண்ணீரைத் தயார் செய்ய வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். தொட்டியை நிரப்பிய நாளிலிருந்து இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்களைப் பொறுத்துக்கொள்கிறவருக்குக் கடல்நீர்த் தொட்டி வெளியே சொல்லப்படும் அளவுக்குக் கடினமில்லை.

ஏன் இந்தப் பொறுமை என்றால், பவளப்பாறை மீன்கள் மாற்றமே அதிகம் இல்லாத நீரில் வாழ்பவை. திறந்த கடலில் ஒரு கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஒரு மழையோ ஒரு வெயில் நாளோ அதை அசைக்காது. வீட்டுத் தொட்டியில் அப்படியில்லை. இரண்டு நாள் ஆவியான நீரை நிரப்பாமல் விட்டாலே உப்பளவு ஏறிவிடும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஆட்டத்தைக் குறைப்பதற்காகத்தான்.

எவ்வளவு பெரிய தொட்டி, எங்கே வைப்பது

சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்க வேண்டாம். நீர் குறைய குறைய வெப்பமும் உப்பும் வேகமாக மாறும்; ஒரு சிறு தவறுக்கும் இடம் இருக்காது. முதல் தொட்டிக்கு 150 முதல் 200 லிட்டர் வரை நல்ல அளவு. அதைவிடப் பெரிதாகப் போனால் நீர் மாற்றுவதே பாரமாகிவிடும்.

200 லிட்டர் கடல்நீரின் எடை மட்டும் சுமார் 205 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 280 கிலோவைத் தாண்டும். எனவே தரை தாங்குமா, மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. நேரடி வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். பாசியும் சூடும் சேர்ந்து வரும். பழைய தொட்டி கிடைத்தால், அதில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து போட்டார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால் வாங்க வேண்டாம். செம்பு சிலிக்கோனிலும் பாறையிலும் தங்கி, பின்னாளில் கசிந்து நத்தை, இறால், பவளம் மூன்றையும் கொல்லும்.

மேலே வலை மூடி அவசியம். கடல் மீன்களில் பல நன்றாகத் துள்ளும். கண்ணாடி மூடியைவிட வலை நல்லது, காற்று தடையின்றிப் போய்வரும்.

எந்தக் கருவிகள் வேண்டும்

முதலில் ஹீட்டர். இலக்கு 25 முதல் 26 டிகிரி செல்சியஸ். 150 லிட்டருக்கு 200 வாட் ஹீட்டர் ஒன்று வாங்குவதைவிட, 75 அல்லது 100 வாட் ஹீட்டர் இரண்டு வாங்குங்கள். ஹீட்டர் பழுதானால் பல நேரம் அணையாமல் சூடேற்றிக்கொண்டே இருக்கும். சின்ன ஹீட்டரால் தொட்டியை அவ்வளவு சீக்கிரம் ஆபத்தான சூட்டுக்குத் தள்ள முடியாது. ஒன்று முழுதாக நின்றுபோனாலும் இன்னொன்று தாங்கும். வெயில் காலத்தில் பிரச்சினை தலைகீழாக இருக்கும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி ஊதினாலே ஆவியாதலால் இரண்டு டிகிரி வரை இறங்கும்.

அடுத்து நீரோட்டம். பவளப்பாறையில் தண்ணீர் ஒருபோதும் நிற்பதில்லை. தொட்டியின் கொள்ளளவைப் போல 20 மடங்கு ஒரு மணி நேரத்தில் சுழல வேண்டும். 150 லிட்டருக்கு 3,000 லிட்டர். அதை இரண்டு பவர்ஹெட்டுகளுக்கு, அதாவது தொட்டிக்குள் வைக்கும் நீரோட்ட பம்புகளுக்கு, பிரித்து எதிரெதிர் பக்கம் வையுங்கள். ஒன்றாவது நீர்ப்பரப்பைக் கலக்க வேண்டும். கடல்நீரில் நன்னீரைவிட ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும், அதனால் மேற்பரப்பு அசைவது மீனின் மூச்சுக்கே முக்கியம்.

புரோட்டீன் ஸ்கிம்மர் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கும். கரிமக் கழிவுகள் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி ஒரு கோப்பையில் சேரும். அதாவது, கழிவு அழுகி அம்மோனியாவாக மாறும் முன்பே வெளியே வந்துவிடுகிறது. மீன்கள் குறைவாக உள்ள சின்னத் தொட்டியில் ஒழுங்காக நீர் மாற்றினால் ஸ்கிம்மர் இல்லாமலும் ஓட்டலாம். 150 லிட்டருக்கு மேல் போனால் வாங்குங்கள் என்றே சொல்வேன்.

விளக்கில் அவசரம் வேண்டாம். மீன் மட்டும் என்றால் எந்த எல்.ஈ.டி. விளக்கும் போதும். பவளத்துக்கு நீல ஒளி அதிகமுள்ள ரீஃப் (பவளத் தொட்டி) விளக்கு வேண்டும், ஏனென்றால் பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் ஒளியைக் கொண்டு அதற்கான உணவில் பெரும்பங்கைத் தயாரிக்கின்றன. சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டி வசதியானது. ஹீட்டரையும் ஸ்கிம்மரையும் அதில் மறைத்துவிடலாம். ஆனால் முதல் தொட்டிக்கு அது கட்டாயமில்லை.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உப்புநீர் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். ஒவ்வொரு ஒயரும் பிளக் பாயின்ட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறிச் செல்ல வேண்டும். ஒயர் வழியாக வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு வந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய இணைப்பில் மட்டும் தொட்டியை ஓட்டுங்கள்.

தண்ணீரும் உப்பும்

குழாய்நீரை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அதில் குளோரின் மட்டுமல்ல, நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், சில நேரம் செம்பும் இருக்கும். ஆர்.ஓ. வடிகட்டியும் அதன் பின்னால், மிஞ்சிய கரைபொருளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினும் சேர்ந்த அமைப்பு வேண்டும். கரைபொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டினால் நீர் தயார். கீழே ஆர்.ஓ. நீர் என்று சொல்வது இதைத்தான். குடிநீருக்கான ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலப்பார்கள். அந்த நீர் இதற்குச் சரிவராது.

உப்பு என்றால் கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவை. சமையல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும்தான். கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை எதுவும் கிடைக்காது. கலக்கும் முறை இது: உணவுத் தரப் பிளாஸ்டிக் தொட்டியில் முதலில் ஆர்.ஓ. நீரை நிரப்புங்கள், பம்ப் ஓடட்டும், ஹீட்டரைப் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உப்பைப் போட்டுவிட்டு அதன் மேல் நீர் ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். லிட்டருக்கு 36 கிராம் அளவில் தொடங்கி, அளந்து பார்த்துச் சரி செய்யுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் தராசை மட்டும் நம்ப முடியாது. சில மணி நேரம் சுழன்று நீர் தெளிந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

உப்பளவை அளக்க, ஒளி வளைவதைக் கொண்டு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலும் அளவு தப்பும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்யம் காட்ட வைத்தால் போதாது. 35 என்ற அளவில் தயாரித்து விற்கும் சோதனைக் கரைசலில் சரிபாருங்கள். நாம் அளக்கப்போவது அந்த இடத்தைத்தானே. ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 முதல் 1.026 வரை இருந்தால் சரி.

பாறையும் மணலும்

தொட்டியின் உண்மையான வடிகட்டி பாறைதான். அதன் ஆயிரக்கணக்கான நுண்துளைகளில் பாக்டீரியா குடியேறுகிறது. 1961-இல் இந்தோனேசியாவின் லீ சின் எங், உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துக் கடல் தொட்டிகளைப் பராமரித்த முறையை எழுதினார். இன்றைய ரீஃப் தொட்டிகளின் வேர் அங்கே இருக்கிறது.

இப்போது இரண்டு வழி உண்டு. உயிருள்ள பாறை, அதாவது லைவ் ராக், பாக்டீரியாவோடும் சிறு உயிர்களோடும் வரும், வேகமாகத் தயாராகும், வேண்டாத நண்டு, புழுவும் கூட வரலாம். உலர் பாறை சுத்தமானது, மெதுவானது. உலர் பாறையைப் பெரும்பங்காக வைத்து, நம்பிக்கையான தொட்டியிலிருந்து ஒன்றிரண்டு துண்டு லைவ் ராக் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. 100 லிட்டருக்கு 10 கிலோ என்பது பொதுக் கணக்கு. நுண்துளை அதிகமென்றால் குறைவாகவே போதும். கடலிலிருந்து நீங்களே பெயர்த்து எடுக்காதீர்கள். பவளப்பாறை அழியும் காலத்தில் அது தவறு, பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம்.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பாறையைச் சுத்தம் செய்வதாக நினைத்து ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். பாறையில் ஒட்டி வளரும், பவளத்துக்கு உறவான சோவாந்திட் வகை உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது ஆவியோடு காற்றில் கலந்து வீட்டில் உள்ளவர்களை மருத்துவமனை வரை கொண்டுபோயிருக்கிறது.

பாறையை மணலுக்கு முன் வையுங்கள், கண்ணாடித் தரையில் நேராக உட்காரும்படி. மணலின் மேல் வைத்தால், அடியில் குழி தோண்டும் இறாலும் கோபி மீனும் பாறையைச் சரித்துவிடும். பின் கண்ணாடியிலிருந்து ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். உயரமான சுவராக அடுக்காமல், நீர் ஊடுருவும் குகைகளாக, இரண்டு தனித் தீவுகளாக அமைத்தால் மீன்களுக்குள் சண்டையும் குறையும். அப்புறம் அரகோனைட் எனும் சுண்ணாம்பு மணலை அலசி 3 முதல் 5 சென்டிமீட்டர் பரப்புங்கள். மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மீது நீரை ஊற்றினால் கலங்கல் குறையும். எப்படியும் ஓரிரு நாள் பாலாகத்தான் இருக்கும்.

சைக்கிளிங்: கண்ணுக்குத் தெரியாத வேலை

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாகின்றன. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டை நீர் மாற்றி வெளியேற்றலாம். இந்தச் சங்கிலியை உருவாக்குவதுதான் சைக்கிளிங். அது உருவாகும் முன் மீனை விட்டால் அம்மோனியா அதன் செவுளைச் சுட்டுவிடும். நன்னீர் வளர்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் பி.ஹெச். எனும் அமில-கார அளவு 7-இல் இருப்பதைவிட, கடல்நீரின் 8.2-இல் அம்மோனியாவின் நச்சு வடிவம் பத்து மடங்குக்கும் மேல் அதிகம். “தாங்குற மீன் ஒன்றை விட்டு ஓட்டிப் பாருங்கள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அந்த உயிருக்கு வாரக்கணக்கில் வேதனை. மீன் இல்லாமலே இதைச் செய்யலாம்.

முறை இது. பம்பும் ஹீட்டரும் ஓடட்டும், விளக்கு அணைந்திருக்கட்டும். தொட்டிக்கென விற்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும் அளவு ஊற்றுங்கள். வீடு துடைக்கும் அம்மோனியா வேண்டாம், நறுமணமும் சோப்பும் கலந்திருக்கும். புட்டியில் வரும் பாக்டீரியாவையும் சேர்த்தால் வேகம் கூடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா அப்படியே நிற்கும். பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட் இறங்க நைட்ரேட் ஏறும். நடுவில் எதுவுமே நகராதது போன்ற ஒரு வாரம் வரும். அப்போது அம்மோனியாவை மேலும் மேலும் ஊற்றாதீர்கள்; அளவு மீறினால் பாக்டீரியாவே திணறும். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் சோதனை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2 பி.பி.எம். அம்மோனியா ஊற்றி, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 ஆகிவிட்டால் தொட்டி தயார். நைட்ரேட் ஏறியிருந்தால் பாதி நீரை மாற்றுங்கள். விளக்கைப் போடுங்கள்.

பழுப்பும் பச்சையும்

விளக்கு போட்ட சில நாளில் மணலும் பாறையும் பழுப்புத் தூள் பூசியது போலாகும். அது டயட்டம் எனும் நுண்பாசி, நீரிலும் புதுப் பாறையிலும் உள்ள சிலிகேட்டை உண்டு தானாகவே அடங்கும். அதன் பின் பச்சை முடிப்பாசி வரலாம், மணலில் செந்நிறப் படலமாக சயனோபாக்டீரியா வரலாம். புதியவர்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து மருந்துகளைக் கொட்டுகிறார்கள். வேண்டாம். கையால் பிடுங்குங்கள், உறிஞ்சி எடுங்கள், விளக்கு எரிவதை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குள் வையுங்கள், நீர் மாற்றுங்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் 0-க்குத் துரத்தவும் வேண்டாம். இரண்டும் காலியான தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் எனும் கொழகொழப்பான கசடு வரும், அதை விரட்டுவது பாசியைவிடப் பல மடங்கு கடினம். நைட்ரேட் 2 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இருந்தால் நிம்மதி.

இப்போது நத்தைகளை விடலாம். கவிழ்ந்தால் தானே நிமிரும் ட்ரோகஸ் நத்தை கண்ணாடிக்கும் பாறைக்கும், மணலுக்குள் புதைந்து மிச்சத்தைத் தின்னும் நாசாரியஸ் நத்தை தரைக்கும். நான்கைந்து போதும். கூட்டமாக விட்டால் பாசி தீர்ந்ததும் பட்டினியில் சாகும்.

மீன்

முதல் மீனாகக் கோமாளி மீனையே சொல்கிறேன், அழகுக்காக அல்ல. ஆம்ஃபிப்ரியான் ஒசெல்லாரிஸ் பண்ணையில் பிறந்து வளர்வது, தயங்காமல் உணவு எடுக்கும், கடலில் அது குடியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலே நன்றாக வாழும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன. சேர்ந்து வாழும்போது வலுத்தது பெண்ணாக மாறும். எனவே அளவில் வித்தியாசமுள்ள இரண்டு குட்டிகளை வாங்கினால் ஜோடி தானாக அமையும். ராயல் கிராம்மா, ஃபயர்ஃபிஷ், பண்ணையில் வளர்ந்த பாங்காய் கார்டினல் ஆகியவையும் நல்ல தேர்வு. பாங்காய் கார்டினல் 2007 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள மீன். கடலில் பிடித்ததை வாங்காதீர்கள். சில இடங்களில் இன்னும் சயனைடு தெளித்து மீன் பிடிக்கிறார்கள். அது பாறையையும் கொல்லும், மீனும் சில வாரங்களில் போய்விடும். பண்ணை மீனைக் கேட்டு வாங்குவதுதான் நம்மால் செய்ய முடிந்த நல்ல காரியம்.

நீல டாங் 30 சென்டிமீட்டர் வரை வளரும், இந்தத் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீனுக்கு நாள் முழுக்க கோபிபாடு எனும் உயிருள்ள நுண் இரைகள் வேண்டும். புதுத் தொட்டியில் மெதுவாகப் பட்டினி கிடந்து சாகும். டாம்செல் உறுதியான மீன்தான், ஆனால் பின்னால் வரும் எல்லாரையும் துரத்தும். கடல் சாமந்தியை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். 150 லிட்டரில் நான்கைந்து சிறு மீன்தான் எல்லை. சாதுவானது முதலில், முரட்டுத்தனம் உள்ளது கடைசியில், ஒவ்வொரு முறைக்கும் இரண்டு மூன்று வாரம் இடைவெளி.

கடையில் மீனுக்கு உணவு போடச் சொல்லிப் பாருங்கள். சாப்பிடாத மீனையும் வேகமாக மூச்சு வாங்கும் மீனையும் எடுக்காதீர்கள்.

வாங்கிய மீன் நேராகத் தொட்டிக்குப் போகக் கூடாது. 40 லிட்டர் வெறும் தொட்டி, ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, முன்பே பெரிய தொட்டியில் போட்டு வைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஆகியவை சேர்ந்தால் குவாரன்டைன் தொட்டி, அதாவது தனிமைப்படுத்தும் தொட்டி. நான்கு வாரம் அங்கே இருக்கட்டும். காரணம், வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனை விட்டு விழுந்து மணலிலும் பாறையிலும் கூடுகட்டிப் பெருகும். புள்ளி மறைந்ததைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைப்போம். அது பல மடங்காகத் திரும்பும். பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, பத்து வாரத்துக்கு மேல் மீனில்லாமல் விட வேண்டும். செம்பு மருந்து குவாரன்டைன் தொட்டியில் மட்டும்.

கொண்டுவந்த பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். கடை நீரின் உப்பளவு பல நேரம் குறைவாக இருக்கும். குவாரன்டைன் நீரை அந்த அளவுக்கே கலந்து வைத்து, சில நாளில் மெல்ல உயர்த்துவது மீனுக்கு இதம். தொலைதூரம் பயணித்த மீனை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்க வேண்டாம். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.ஹெச். ஏறும், பையிலுள்ள அம்மோனியா அப்போதுதான் கொடியதாகும். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஓட்டுவது

தினமும் வெப்பத்தையும் மீன்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு உணவு, ஒரு நாளில் இருமுறை. ஆவியான இடத்தை ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள், உப்புநீரால் அல்ல. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தானாக நிரப்பும் ஏ.டி.ஓ. கருவி நீங்கள் செய்யும் செலவுகளில் மிகப் பயனுள்ளது. வாரத்துக்கு 10 சதவீதம் நீர் மாற்றுங்கள், வெப்பமும் உப்பும் ஒத்துப்போகட்டும். அளவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். ஒரு எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே அதிகம் சொல்லும்.

மின்சாரம் போனால் முதலில் குறைவது ஆக்ஸிஜன். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். மின்சாரம் வரும் வரை உணவு போடாதீர்கள். சம்ப் வைத்திருந்தால் முதல் நாளே, நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பை நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் நீர் முழுவதும் கீழே அடங்க வேண்டும்.

பவளம் நான்கைந்து மாதம் கழித்து. ஒப்படர்த்தி நிலையாக, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.ஹெச். (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 420, மக்னீசியம் 1,300 பி.பி.எம். அருகே இருந்தால் தொடங்கலாம். மஷ்ரூம், லெதர், சோவாந்திட் போன்ற மென்பவளங்கள் முதலில். சோவாந்திட்டைத் தொடும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். கிரீன் ஸ்டார் பாலிப்பைத் தனிப் பாறையில் வையுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றின் மேலும் பரவிவிடும். புதுப் பவளத்தைக் கீழே, மங்கிய ஒளியில் வைத்து வாரங்களில் மேலேற்றுங்கள்.

ஊருக்குப் போக வேண்டியிருந்தால், மீன் வளர்க்காத ஒருவரிடம் உணவு டப்பாவை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று கட்டித் தேதி எழுதிக் கொடுங்கள், ஏ.டி.ஓ. வாளியை நிரப்பி வையுங்கள், எந்த பம்ப் எந்த பிளக் என்று ஒயரில் பெயர் ஒட்டுங்கள். கிளம்பும் வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், புது மீனோ புதுக் கருவியோ.